படம் பேசும்போது இசை எங்கே நிற்பது? – வாசகர் கேள்வி-பதில்

திரைப்படம், டெலிமூவி, தொலைக்காட்சித் தொடர் ஆகியவற்றுக்கு இசையமைப்பது பற்றி வாசகர்களிடம் கேள்விகள் கேட்டிருந்தோம். கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்தவற்றில் பெரும்பாலானவை இரண்டு தொல்லைகளைச் சுற்றியே இருந்தன. ஒன்று, இசை படத்தோடு ஒட்டாமல் போவது. மற்றொன்று, உழைத்த பிறகு உரிமையும் பணமும் கைநழுவிப் போவது. அந்த இரண்டுக்கும் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறோம்.

நான்கு ஆண்டுகளாகத் தனிப்பாடல்களுக்கு இசையமைத்து வருகிறேன். இப்போது ஒரு 45 நிமிட டெலிமூவிக்கு ஆர்.ஆர்., அதாவது பின்னணி இசை, செய்யக் கூப்பிட்டிருக்கிறார்கள். பாட்டுப் போடத் தெரிந்தவனுக்குப் பின்னணி இசையில் புதிதாக என்ன இருக்கப் போகிறது?
– வாசகர், செந்தூல்

நிறையவே இருக்கிறது. பாட்டில் முழு இடமும் இசைக்குத்தான். காட்சியில் முதல் இடம் வசனத்துக்கு, அடுத்தது சுற்றுப்புறச் சத்தத்துக்கு. இரண்டும் போக மிஞ்சுவதுதான் உங்களுக்கு. ஆகவே முதல் வேலை மெட்டுப் போடுவதல்ல, எங்கெங்கே இசை வேண்டாம் என்று முடிவு செய்வது.

எடிட் முடிந்த படத்தை வைத்துக்கொண்டு இயக்குநரோடு உட்காருங்கள். இதைத்தான் ஸ்பாட்டிங் என்கிறார்கள். ஒவ்வோர் இசைத் துண்டுக்கும் மூன்று விவரங்களைக் காகிதத்தில் எழுதுங்கள்: எந்த இடத்தில் தொடங்குகிறது, எந்த இடத்தில் முடிகிறது, எதற்காக வருகிறது. மூன்றாவது கட்டத்தை நிரப்ப முடியவில்லை என்றால் அந்தத் துண்டே தேவையில்லை. முதல் பகுதியின் முதல் துண்டுக்கு 1எம்1, அடுத்ததற்கு 1எம்2 என்று எண் கொடுத்துவிட்டால் பின்னால் கோப்புகள் குழம்பாது. 45 நிமிடப் படத்துக்குப் பெரும்பாலும் 18 முதல் 22 நிமிட இசை போதும். தொடக்கம் முதல் முடிவு வரை இசையைக் கொட்டினால், உச்சக் காட்சி வரும்போது கூட்டிக் காட்ட உங்கள் கையில் எதுவும் இருக்காது.

தொடங்கும் இடத்தில்தான் பாட்டுக்காரர்கள் அதிகம் தவறுகிறார்கள். ஒரு காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா சமையலறையில் தேநீர் ஆற்றிக்கொண்டிருக்கிறார். மகன் வாசற்படியில் நின்று, வேலை போய்விட்டது என்கிறான். அவன் வாயைத் திறக்கும்போதே வயலின் வந்துவிட்டால், செய்தி அம்மாவுக்கு முன்னால் பார்வையாளருக்குத் தெரிந்துவிடும். அவன் சொல்லி முடிக்கட்டும். அம்மாவின் கை நிற்கும். ஆற்றும் சத்தமும் அதோடு நிற்கும். அந்த வெறுமையில் ஒரே ஒரு சுரம் வந்தால் போதும். சத்தம் நின்ற இடத்தில் இசை நுழைந்தால் அது நுழைந்ததே தெரியாது. கதவு சாத்தும் ஓசை, கடந்து போகும் பேருந்தின் இரைச்சல் இவற்றின் அடியில் நுழைவதும் இதே உத்திதான்.

நேரத்தைப் பொறுத்தவரை, ஒரு நாளைக்கு இரண்டு நிமிட இசை முழுமையாக முடிந்தால் நல்ல வேகம். 20 நிமிடத்துக்குப் பத்து நாள், ஒலிப்பதிவுக்கு இரண்டு நாள், மிக்ஸிங்குக்கு இரண்டு நாள், திருத்தங்களுக்கு மூன்று நாள். இதற்குக் குறைந்து ஒரு வாரத்தில் கேட்டால் இசை நிமிடங்களைக் குறைக்கச் சொல்லுங்கள். தரத்தைக் குறைத்தால் திரையில் நிற்பது உங்கள் பெயர்.

நான் கொடுத்த இசை என் கணினியில் படத்தோடு கச்சிதமாகப் பொருந்துகிறது. எடிட்டரிடம் போனதும் போகப் போக விலகுகிறது. கோளாறு என் பக்கமா, அவர் பக்கமா?
– வாசகர், பட்டர்வொர்த்

விலகும் விதத்தைப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும்.

முதல் நொடியிலிருந்து கடைசி வரை ஒரே அளவு தள்ளி நின்றால் தொடக்கப் புள்ளி தவறு. படம் 01:00:00:00 (மணி, நிமிடம், நொடி, பிரேம்) என்ற டைம்கோடில் தொடங்கினால், அதற்குச் சரியாக இரண்டு நொடி முன்னால், 00:59:58:00-இல், ஒரே ஒரு பிரேம் நீளத்துக்கு 1 கிலோஹெர்ட்ஸ் 'பீப்' வைக்க வேண்டும். இதற்கு டூ-பாப் என்று பெயர். படத்திலும் இசைக் கோப்பிலும் அந்தப் பீப் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் எல்லாம் சரியாக உட்காரும்.

ஓரிடம் வரை சரியாக இருந்து, பிறகு சட்டென்று விலகினால் எடிட்டர் உங்களிடம் சொல்லாமல் காட்சியை வெட்டியிருக்கிறார். பிக்சர் லாக் ஆன பிறகு, அதாவது எடிட் இனி மாறாது என்று முடிவான பிறகு, எது மாறினாலும் எந்த டைம்கோடில் எத்தனை பிரேம் போனது, வந்தது என்ற பட்டியலைக் கேட்டு வாங்குங்கள்.

போகப் போக விலகுவது, அதாவது உங்கள் பிரச்சினை, இரண்டு காரணத்தால் வரும். இசையின் சுருதியும் ஏறி ஒலிக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ஏறியிருந்தால், 44.1 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டில் செய்த கோப்பை அவருடைய மென்பொருள் 48 என்று நினைத்து ஓட்டுகிறது. சுருதி கிட்டத்தட்ட ஒன்றரை அரைச்சுரம் ஏறும்; மூன்று நிமிடத் துண்டு ஏறக்குறைய 14.6 நொடி முன்னதாகவே முடிந்துவிடும். திரைப்படத் துறைக்கு எப்போதும் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. பாட்டுக்காகத் திறந்த பழைய புராஜெக்டிலேயே பின்னணி இசையைத் தொடங்குவதால்தான் இந்தத் தவறு வருகிறது.

சுருதி மாறவில்லை என்றால் பிரேம் கணக்கு. மலேசியத் தொலைக்காட்சி நொடிக்கு 25 பிரேம். ஆனால் பலர் கேமராவில் 23.976 அல்லது 24-இல் எடுத்துவிட்டு, கடைசியில் 25-க்கு மாற்றுகிறார்கள். 24-இல் எடுத்த படத்தை அப்படியே 25-இல் ஓட்டினால் பத்து நிமிடப் படம் 9 நிமிடம் 36 நொடியில் முடிந்துவிடும்; உங்கள் இசை 24 நொடி பின்தங்கும். 23.976-க்கும் 24-க்கும் இடையிலான வேறுபாடு சின்னதுதான், பத்து நிமிடத்துக்கு 0.6 நொடி. சின்னது என்பதால்தான் அது ஆபத்து. முதல் ஒரு நிமிடத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்று விட்டுவிடுவோம், கடைசிக் காட்சியில் அடி விழும்போது நடிகர் கையை எடுத்திருப்பார். கைபேசியில் எடுத்த காட்சிகள் இன்னும் மோசம். பல கைபேசிகளில் பிரேம் வேகம் நிலையாக இருக்காது. அவற்றை எடிட்டுக்கு முன்பே நிலையான 25-க்கு மாற்றச் சொல்ல வேண்டும்.

ஒரு துண்டுகூட எழுதுவதற்கு முன் எடிட்டரிடம் கேட்க வேண்டியது இது: இறுதி வடிவத்தின் பிரேம் வேகத்திலேயே எடுக்கப்பட்ட வீடியோ, படத்தின் மேலேயே டைம்கோடு தெரிய வேண்டும், வசனம் இடது சேனலிலும், எடிட்டின்போது மாதிரிக்கு ஒட்டிய தற்காலிக இசை வலது சேனலிலும் பிரிந்திருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னது இல்லாவிட்டால் தற்காலிக இசையை அணைத்துவிட்டு வசனத்தை மட்டும் கேட்கவே முடியாது.

கதவு திறக்கும் கணத்தில் அடி விழ வேண்டும் என்கிறார் இயக்குநர். ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் தாளத்தை இழுத்துப் பிடித்து ஒட்ட வேண்டியிருக்கிறது, கேட்க நன்றாக இல்லை.
– வாசகர், செராஸ்

இழுத்து ஒட்டாதீர்கள். தொடக்கத்திலேயே கணக்குப் போட்டு டெம்போவைத் தேர்ந்தெடுங்கள். டெம்போ என்பது நிமிடத்துக்கு எத்தனை அட்சரம் (தாள எண்ணிக்கை) என்பது; 60-ஐ அதனால் வகுத்தால் ஓர் அட்சரத்தின் நீளம் நொடியில் கிடைக்கும். டெம்போ 96 என்றால் ஓர் அட்சரம் 0.625 நொடி, நான்கு கொண்ட ஒரு பார் 2.5 நொடி. கதவு 27.5-ஆவது நொடியில் திறந்தால் 11 பார் முடிந்து பன்னிரண்டாவது பாரின் முதல் அட்சரம் தானாகவே கதவின் மேல் விழும்.

கதவு 26-ஆவது நொடியில் திறந்தால்? இங்கே நம் தாளங்கள் கைகொடுக்கும். அட்சர எண்ணிக்கையை 60-ஆல் பெருக்கி 26-ஆல் வகுங்கள். ஆதி தாளத்தில் ஐந்து ஆவர்த்தனம் (சுற்று) 40 அட்சரம், டெம்போ 92.3. மிஸ்ர சாபுவில் ஆறு ஆவர்த்தனம் 42, டெம்போ 96.9. இரண்டிலும் சமம், அதாவது சுற்றின் முதல் அட்சரம், சரியாகக் கதவின் மேல் வரும். அதே காட்சிக்கு அமைதியான நடையும் கிடைக்கிறது, 7 எண்ணிக்கையின் ஒரு பதற்றமும் கிடைக்கிறது. எது பொருந்தும் என்பதைக் காட்சி சொல்லும். டெம்போவைப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரை உள்ளிடுங்கள், இல்லாவிட்டால் கடைசியில் ஓரிரு பிரேம் தள்ளும்.

அடியை வெட்டின் மீதே சரியாக வைப்பதைவிட ஒன்றிரண்டு பிரேம் பின்னால் வைப்பது இயல்பாக இருக்கும். கண்ணுக்குப் பின் காதுக்கு எட்டுவதுதான் நமக்குப் பழக்கம். முன்னால் விழுந்தால் ஒரு பிரேமும் உறுத்தும். ஒரு காட்சியில் ஒரே ஓர் அடியை மட்டும் இப்படிக் குறிவையுங்கள். எல்லா அசைவுக்கும் அடித்தால் கேலிச் சித்திரம் ஆகிவிடும்.

என் இசையால் வசனம் கேட்கவில்லை என்று தயாரிப்பாளர் திட்டுகிறார். ஒலியைக் குறைத்தால் இசையே இல்லாதது போல் ஆகிவிடுகிறது.
– வாசகர், ஜாலான் ஈப்போ

ஒலியின் அளவைவிட இசை உட்கார்ந்திருக்கும் இடம்தான் இதற்குப் பெரும்பாலும் காரணம். மெய்யெழுத்துகளை நம் காது பிரித்தறியும் பகுதி சுமார் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ். தனி வயலின், புல்லாங்குழலின் மேல் ஸ்தாயி, நாகசுரம் எல்லாம் அங்கேதான் பளிச்சென்று வருகின்றன. ஆண் குரலின் அடிச்சுரம் ஏறத்தாழ 85 முதல் 180 ஹெர்ட்ஸ். செல்லோவும் அங்கேதான் நிற்கிறது. முதலில் வாத்தியத்தையோ ஸ்தாயியையோ மாற்றுங்கள். அதன் பிறகும் தேவைப்பட்டால் 2–4 கிலோஹெர்ட்ஸ் பகுதியில் இரண்டு மூன்று டெசிபெல் குறையுங்கள்.

அதைவிட முக்கியம் அசைவு. வசனத்தின் அடியில் சுரங்கள் ஓடினால் மூளை எதைப் பின்தொடர்வது என்று தடுமாறும். பேசும்போது நீண்ட சுரம், பேச்சு நிற்கும் இடத்தில் மெட்டு நகரட்டும். பாடகர் மூச்சுவிடும் இடத்தில் வயலின் பதில் சொல்வதில்லையா, அதே முறைதான். பாடல் வரிகள் உள்ள இசையை வசனத்தின் அடியில் வைக்கவே வேண்டாம். ஒரே மொழியில் இரண்டு பேச்சு ஒன்றையொன்று தின்றுவிடும்.

இறுதி ஒலி அளவு மிக்ஸிங் பொறியாளரின் பொறுப்பு. ஐரோப்பிய ஒலிபரப்பு அளவுகோல் மைனஸ் 23 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் உரப்பை அளக்கும் அலகு). நெட்ஃப்ளிக்ஸ் வசனத்தை வைத்து அளந்து மைனஸ் 27 கேட்கிறது. உங்கள் அலைவரிசை எது கேட்கிறது என்று முதலிலேயே எழுத்தில் வாங்குங்கள். நீங்கள் கொடுக்கும் ஸ்டெம்களில் (வாத்திய வாரியாகப் பிரித்த கோப்புகளில்) உச்ச ஒலியை அமுக்கும் லிமிட்டர் போட்டு நசுக்காதீர்கள். தாளம், பாஸ், தந்தி வாத்தியங்கள், தனி மெட்டு, குரல் எனப் பிரித்து, எல்லாக் கோப்பும் ஒரே டைம்கோடில் தொடங்கும்படி கொடுத்தால், தொல்லை தரும் வாத்தியத்தை மட்டும் பொறியாளர் இறக்கிக்கொள்வார். முழு இசையையும் இறக்க வேண்டியதில்லை.

பினாங்குத் தைப்பூசம் பற்றிய ஆவணப்படத்துக்கு இசையமைக்கிறேன். உறுமி மேளமும் நாகசுரமும் உண்மையாக ஒலிக்க வேண்டும். ஸ்டூடியோவில் பதிவு செய்தால் இரண்டும் செத்துப்போன மாதிரி இருக்கின்றன.
– வாசகி, ஆயர் ஈத்தாம்

இரண்டும் திறந்தவெளிக்காகப் பிறந்தவை. மைக்கை நெருக்கி வைப்பதும், பழக்கத்தால் போடும் ஃபில்டரும்தான் பெரும்பாலும் அவற்றைச் சாகடிக்கின்றன.

நாகசுரத்தின் ஒலி அணசிலிருந்து (கீழே விரிந்த முனையிலிருந்து) மட்டும் வருவதில்லை. ஏழு விரல் துளைகளிலிருந்தும் வருகிறது. அணசின் நேர் எதிரே மைக்கை வைத்தால் கீழ்ச்சுரங்கள் இடிக்கும், மேல்சுரங்கள் மெலியும். ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் தள்ளி, விரல்களின் உயரத்துக்குச் சற்று மேலே, கீழ்நோக்கிச் சாய்த்து வையுங்கள். அறையில் கொஞ்சம் எதிரொலி இருக்கட்டும். எல்லாச் சுவரிலும் பஞ்சு ஒட்டிய சின்ன அறை இதற்குத் தோதில்லை. நீளமான வகையான பாரி நாகசுரம் பொதுவாக 2, 2½ கட்டையில் இருக்கும். கலைஞர் வந்ததும் முதலில் ஆதார ஷட்ஜத்தை ஊதச் சொல்லி அளந்து, உங்கள் புராஜெக்டின் சுருதியை அதற்கு ஏற்றி இறக்குங்கள். வாத்தியத்தை மேற்கத்திய அளவான 440 ஹெர்ட்ஸுக்கு வளைக்கச் சொன்னால் கமகம் கலையும். வாயில் வைத்து ஊதும் சீவாளி ஈரமாகிப் பதம் வரச் சிறிது நேரம் வேண்டும். முதல் பத்து நிமிடத்தில் எடுத்ததை நம்பாதீர்கள்.

உறுமியின் உயிர், வளைந்த குச்சி தோலில் தேய்ந்து எழும் அந்த முனகலில் இருக்கிறது. குரல் பதிவுக்குப் போடும், 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஃபில்டரை அப்படியே விட்டுவிட்டால் அந்த முனகலின் அடி போய்விடும். மிஞ்சுவது உரசல் சத்தம்தான். ஃபில்டரை அணையுங்கள், அல்லது 30, 40-க்கு இறக்குங்கள். தேய்க்கும் முகத்துக்கு ஒரு மைக், அடிக்கும் முகத்துக்கு ஒன்று, இரண்டு மீட்டர் மேலே மூன்றாவது. குழுவாக அடித்துத்தான் அவர்களுக்குப் பழக்கம், அதனால் ஒருவரைத் தனியாக நிறுத்திக் கிளிக்கோடு (டெம்போ காட்டும் டிக் ஒலியோடு) அடிக்கச் சொல்லாதீர்கள். குழுவை ஒன்றாக நிறுத்தி, மூத்தவர் ஒருவர் காதில் மட்டும் கிளிக் கொடுங்கள். மற்றவர்கள் அவரைப் பின்தொடர்வார்கள். தவிலுக்கு ஒலி அளவை மைனஸ் 12 டெசிபெல்லில் வையுங்கள். விரல் கூடு வலந்தலையில் (வலப்பக்கத் தோலில்) விழும் முதல் கணம், கண்ணால் பார்க்கும் மீட்டரைவிட வேகமானது.

நம் ஊர் ஈரப்பதத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். வெளியிலிருந்து வந்த தோல்வாத்தியம் தளர்ந்திருக்கும். ஏர்கான் அறையில் அரைமணி நேரத்தில் இறுகிச் சுருதி ஏறும். வாத்தியங்களை முன்கூட்டியே அறையில் வைத்து, பிறகு சுருதி சேர்த்து, பதிவின்போது ஏர்கானை அணைத்து, மூன்று நான்கு எடுப்புக்கு ஒருமுறை சுருதியைச் சரிபாருங்கள். மாலை மழை நேரத்தைத் தவிர்த்துக் காலையில் ஸ்டூடியோ எடுங்கள்.

ஆவணப்படம் என்பதால் இன்னொன்று. தண்ணீர்மலை ஊர்வலத்தில் எடுத்த காட்சிகளில், தண்ணீர்ப் பந்தல்களில் ஒலிபெருக்கியில் ஓடும் சினிமா பக்திப் பாடல்களும் பதிவாகியிருக்கும். உறுமிக் குழுக்களும் சில இடங்களில் சினிமா மெட்டை அடிப்பார்கள். அது படத்தில் கேட்டால் உரிமையாளரிடம் அனுமதி வாங்க வேண்டும். படம் முடிந்த பிறகு இது தெரியவந்தால் காட்சியையே வெட்ட வேண்டியிருக்கும். திருப்புகழ், அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்து போன்றவை எல்லாருக்கும் பொது. ஆனால் ஒருவர் பாடி வெளியிட்ட ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை உண்டு. புதிதாகப் பாட வைத்துப் பதிவு செய்துவிட்டால் இந்தச் சிக்கல் இல்லை. படப்பிடிப்புக் குழுவிடம் ஒலிபெருக்கி இல்லாத இடத்தில் ஐந்து நிமிடம் வெறும் கூட்ட ஓசை, தேங்காய் உடைக்கும் ஓசை இவற்றை எடுத்துவரச் சொல்லுங்கள். உங்கள் இசைக்கு அடியில் விரிக்க அதைவிட நல்ல பாய் கிடையாது.

எடிட்டில் ஒட்டிய தற்காலிக இசையில் இயக்குநர் மனதைப் பறிகொடுத்துவிட்டார். 'அதே மாதிரி போடு' என்கிறார்.
– வாசகர், கெப்போங்

அவருக்குப் பிடித்தது மெட்டாக இருப்பது அரிது. டெம்போவா, வாத்தியத்தின் நிறமா, இசை தொடங்கும் இடமா என்று ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டுக் காட்டிக் கண்டுபிடியுங்கள். அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதெல்லாம் உங்களுடையதாக இருக்கட்டும். மெட்டையே ஒட்டிப் போட்டால் வழக்கு உங்கள் மேல்தான் வரும். அடுத்த படத்தில், முதல் இரண்டு காட்சிகளுக்கான இசையை எடிட் நடக்கும்போதே கொடுத்துவிடுங்கள்; தற்காலிக இசைக்கு இடமே இருக்காது.

ஒரு தயாரிப்பாளருக்காக 13 வாரத் தொடருக்கு இசையமைத்தேன். ஒப்பந்தம் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. இப்போது அதே இசையை வேறொரு நிகழ்ச்சியிலும் ஓட்டுகிறார். எதிலும் கையெழுத்துப் போடவில்லை என்றால் உரிமை என்னுடையதுதானே?
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பலரும் அப்படித்தான் நம்பியிருக்கிறார்கள். மலேசியச் சட்டம் நேர்மாறாகச் சொல்கிறது. 1987 பதிப்புரிமைச் சட்டத்தின் 26-ஆவது பிரிவுப்படி, ஒருவர் சொல்லிச் செய்வித்த படைப்பின் உரிமை, வேறு உடன்பாடு இல்லாதபோது, செய்வித்தவருக்கு மாறியதாகவே கொள்ளப்படும். காகிதம் இல்லாதது உங்களைக் காப்பாற்றாது, அவரைத்தான் காப்பாற்றும். உங்கள் நிலையில் உள்ளவர் செய்யக்கூடியது, பழைய வாட்ஸ்அப் செய்திகள், மின்னஞ்சல், விலைப்பட்டியல் இவற்றில் 'இந்தத் தொடருக்கு மட்டும்' என்பது போன்ற சொற்கள் எங்காவது இருக்கின்றனவா என்று தேடி எடுத்து, பதிப்புரிமை தெரிந்த வழக்கறிஞரிடம் காட்டுவது. விலைப்பட்டியலில் நிகழ்ச்சியின் பெயரும் பயன்பாடும் எழுதியிருந்தால் அதுவே பேச்சைத் தொடங்க ஒரு பிடி.

இந்தியாவில் 2012-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். படத்தில் சேர்ந்த பாடலும் இசையும் திரையரங்குக்கு வெளியே பயன்படும்போது கிடைக்கும் ராயல்டியின் சமபங்கை இசையமைப்பாளர் எழுதிக் கொடுத்தாலும் இழக்க முடியாது. சென்னைச் செய்திகளைப் படித்துவிட்டு இங்கேயும் அதுதான் சட்டம் என்று எண்ணக் கூடாது. இங்கே உங்களைக் காப்பது நீங்கள் எழுதிக்கொள்ளும் வரிகள்தான்.

அடுத்த வேலைக்கு இரண்டு பக்க ஒப்பந்தம் போதும். இசையின் பதிப்புரிமை இசையமைப்பாளரிடமே இருக்கும், இன்ன நிகழ்ச்சியில், இன்ன நாடுகளில், இத்தனை ஆண்டுகளுக்குப் பயன்படுத்த அனுமதி தரப்படுகிறது என்ற வரி முதலில் வர வேண்டும். தயாரிப்பாளர் முழு உரிமையும் கேட்டால் கொடுக்கலாம். அப்போது கட்டணம் வேறு. அந்த நிலையிலும் ஒளிபரப்பு ராயல்டி உங்களுக்கே என்ற வரியை விட்டுக்கொடுக்காதீர்கள். திரையில் பெயர் எந்த எழுத்துக்கூட்டில், எந்த இடத்தில் வரும் என்பதையும் எழுதுங்கள். திருத்தங்கள் இரண்டு சுற்று. பிக்சர் லாக்குக்குப் பின் காட்சி மாறினால் தனிக் கட்டணம். பணம் கையெழுத்தின்போது 40 விழுக்காடு, முதல் வடிவம் கேட்டதும் 30, ஸ்டெம்களை ஒப்படைப்பதற்கு முன் 30. 'ஒப்படைத்த பின்' என்று எழுதினால் கடைசி 30-க்காக அலைய வேண்டியிருக்கும்.

கலைஞர் கட்டணம், ஸ்டூடியோ வாடகை எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகையாகப் பேசும் 'பேக்கேஜ்' முறைதான் இங்கே அதிகம். அதில் செலவு கூடினால் உங்கள் கூலிதான் கரையும். நேரடி வாத்தியச் செலவைத் தனி வரியாகப் பிரித்து, எத்தனை கலைஞர், எத்தனை மணி நேரம் என்று எண்ணைப் போட்டுவிடுங்கள். தயாரிப்பாளர் நான்கு வயலின் கேட்டுவிட்டு ஒன்றுக்குப் பணம் கொடுக்கும் நிலை அப்போது வராது.

இசைப் படைப்பாளர்களுக்கு ராயல்டி வசூலித்துத் தரும் எம்.ஏ.சி.பி.யில் உறுப்பினரானேன். என் இசை தொலைக்காட்சியில் மறு ஒளிபரப்பே ஆகிவிட்டது, பணம் வந்தபாடில்லை.
– வாசகி, ஜார்ஜ்டவுன்

உறுப்பினரானால் மட்டும் பணம் வராது. எந்த நிகழ்ச்சியில் உங்கள் இசை எத்தனை நொடி ஒலித்தது என்று அமைப்புக்கு யாராவது சொல்ல வேண்டும். அதைச் சொல்லும் காகிதம்தான் கியூ ஷீட். தயாரிப்பாளர் நிரப்பி அலைவரிசையிடம் கொடுப்பதாக ஏற்பாடு, ஆனால் படம் முடிந்த அவசரத்தில் பெரும்பாலும் மறந்துபோகும். நீங்களே நிரப்பி, ஸ்டெம்களோடு சேர்த்து ஒப்படையுங்கள். நிகழ்ச்சியின் பெயர், அத்தியாய எண், மொத்த நீளம். பிறகு வரிசையாக ஒவ்வொரு துண்டின் எண், தலைப்பு, இசையமைப்பாளர், பாடலாசிரியர், பங்கு விழுக்காடு, டைட்டிலா பின்னணியா திரையிலேயே யாரோ பாடுவதா என்ற வகை, நீளம் நிமிடம் நொடியில். அதோடு ஒவ்வொரு படைப்பையும் அமைப்பிடம் தனியாகப் பதிய வேண்டும். கியூ ஷீட்டில் உள்ள தலைப்பும் அங்கே பதிந்த தலைப்பும் எழுத்து மாறாமல் ஒன்றாக இருக்க வேண்டும்.

நம்மவர்களுக்கு இன்னொரு தடை பெயர். அடையாள அட்டையில் 'ஏ/எல்', 'ஏ/பி' என்று தகப்பனார் பெயரோடு ஒன்று, திரையில் சுருக்கிய பெயர் ஒன்று, ஃபேஸ்புக்கில் மூன்றாவது எழுத்துக்கூட்டு. மூன்றும் மூன்று ஆள்களாகக் கணக்கில் நிற்கும். உறுப்பினரானதும் கிடைக்கும், படைப்பாளரை அடையாளம் காட்டும் ஐ.பி.ஐ. எண்ணைக் கியூ ஷீட்டின் ஒவ்வொரு வரியிலும் போடுங்கள், புனைபெயரையும் அமைப்பிடம் பதிந்து வையுங்கள்.

பணம் வரத் தொடங்கினால் வரி. தனிநபர் தொழிலாக எஸ்.எஸ்.எம்.மில் (நிறுவனப் பதிவு ஆணையத்தில்) பதிவு செய்ய, சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரில் 60. தொழில் வருமானம் உள்ளவர் ஜூன் 30-க்குள் 'பி' பாரம் கொடுக்க வேண்டும். மலேசியாவில் வசிக்கும் தனிநபரின் இசைப் படைப்பு ராயல்டியில் ஆண்டுக்கு 20,000 ரிங்கிட் வரை வரிவிலக்கு உண்டு. எனவே இசையமைப்புக் கூலியையும் ராயல்டியையும் கணக்கில் தனித்தனியாக வையுங்கள்.

என் மகள் படிவம் 5 படிக்கிறாள். வீணை எட்டு ஆண்டு கற்றிருக்கிறாள். சினிமாவுக்கு இசையமைக்க வேண்டும் என்கிறாள். எங்கே சேர்ப்பது? பிழைப்பு நடக்குமா?
– வாசகி, பாகான் டாலாம்

வீணை எட்டு ஆண்டு என்பது பெரிய முதல். அதை விட்டுவிடாமல், அதோடு மேற்கத்திய இசைக் குறியீட்டையும் படிக்கட்டும். பிரிட்டிஷ் இசைத் தேர்வு வாரியமான ஏ.பி.ஆர்.எஸ்.எம்.மின் கிரேடு 5 தியரி முடித்தால் வயலின் குழுவுக்கு எழுதிக் கொடுக்கும் அளவுக்குக் கண் பழகிவிடும். பட்டப்படிப்புக்குப் பினாங்கிலேயே யூ.எஸ்.எம்., கோலாலம்பூரில் அஸ்வாரா, செராஸில் யூ.சி.எஸ்.ஐ., ஷா ஆலமில் யூ.ஐ.டி.எம். இருக்கின்றன. கர்நாடக இசையைத் தொடர டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் உண்டு. எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் திரைப்படம் படிக்கும் மாணவர்களோடு பழகுவது படிப்பின் பாதி. இன்று அவர்களின் பத்து நிமிடக் குறும்படத்துக்கு இசை போடுகிறவரைத்தான், அவர்கள் நாளைக்குத் தொடர் இயக்கும்போது கூப்பிடுவார்கள்.

பிழைப்பைப் பற்றி நேராகச் சொல்வதென்றால், முதல் ஐந்தாறு ஆண்டுகள் பின்னணி இசை மட்டுமே சோறு போடாது. வகுப்பு எடுப்பது, வானொலி விளம்பரம், தீபாவளி விளம்பரப் பாடல், மேடைக்குக் கீபோர்டு என்று கலந்துதான் ஓடும். அது தோல்வியில்லை, வேகமாக எழுதவும், பிறர் சொல்லும் திருத்தத்தைக் கோபப்படாமல் ஏற்கவும் அங்கேதான் பழகுகிறார்கள்.

கணினி, 48 கிலோஹெர்ட்ஸில் பதியும் சாதாரண ஆடியோ இன்டர்ஃபேஸ், நல்ல ஹெட்ஃபோன், விலை குறைந்த ரீப்பர் போன்ற ஒரு மென்பொருள், இவை தொடங்கப் போதும். ஸ்பீக்கரும் பெரிய வாத்திய ஒலித்தொகுப்புகளும் சம்பாதித்த பிறகு வாங்கலாம். இந்தப் பள்ளி விடுமுறையில் அவளே கைபேசியில் ஒரு நிமிடக் காட்சி எடுக்கட்டும்: பாட்டி வாசலில் யாரையோ எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பது போல. கைபேசியில் 25 பிரேம் அமைப்பு இருந்தால் அதிலேயே எடுக்கச் சொல்லுங்கள். அதற்கு வீணையில் மூன்று விதமாக இசை போட்டு, இசையே இல்லாமல் நான்காவதாக ஒன்றும் வைத்து, வீட்டில் எல்லாரையும் உட்கார வைத்துக் காட்டட்டும். பாட்டி யாருக்காகக் காத்திருக்கிறார் என்று ஒவ்வொன்றுக்குப் பிறகும் கேட்டு, பதில்களை எழுதி வைக்கச் சொல்லுங்கள்.